மீட்காத பிள்ளை

செஞ்சிக்கோட்டைக்குத் தெற்கே உள்ள கிறிஸ்தவத் தெருவில் மரியசெல்வி என்றால் வாய்க்காரி என்று பெயர். ஆண்டவரிடமும் அவள் அப்படித்தான் பேசுவாள்.

முதலில் பிறந்தவை இரண்டும் தொட்டிலிலேயே போய்விட்டன. அடுத்துப் பிறந்த அருளப்பனை அந்தோணியார் திருவிழாவில் அவர் சுரூபத்தின் காலடியில் கிடத்தி, இது உம்முடைய பிள்ளை என்று ஒப்புக்கொடுத்தாள். அப்படிக் கொடுத்த பிள்ளையைத் தாய்மாமன் சேவலும் வாழைத்தாரும் காணிக்கை வைத்து அங்கேயே மீட்டுவிட வேண்டும். மீட்காவிட்டால் பிள்ளை கோயிலுக்குச் சொந்தம். தம்பி அமிர்தசாமி சேவலோடுதான் வந்து நின்றான். இவள்தான் தடுத்தாள்.

“சாமியையே டபாய்க்கிற வேலையா? குடுத்தது குடுத்ததுதான்டா.”

பையன் நன்றாகத்தான் வளர்ந்தான். சாமியாருக்குப் படிக்கக் குருமடத்துக்கு அனுப்பப்போவதாக ஊரெல்லாம் பீற்றிக்கொண்டாள். எண்பத்து மூன்றாம் வருஷம், மலைமேல் ஆடு தேடிப் போனவன் சுனையில் வழுக்கி விழுந்து செத்தான். அன்றோடு அவள் பாதி செத்துவிட்டாள்.

“பொன்ன நெருப்புல வெச்சுதான் புடம் போடுவாங்க. ஆண்டவர் உன்ன உருவாக்குறாரும்மா” என்றார் உபதேசியார் சவரிமுத்து. நல்ல மனுஷர், கண்கலங்கித்தான் சொன்னார்.

“பொன்னா ஆயி இன்னா பண்ண, உபதேசியாரே? போட்டு அழகு பாக்கப் புள்ள இல்லியே.”

அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

யாரும் எதிர்பார்க்காத வயதில் ரீத்தா பிறந்தாள். பிரசவம் சிக்கலாகிவிட, புருஷன் பால்சாமி பயந்துபோய் ஆஸ்பத்திரி வாசலிலேயே குழந்தையை அந்தோணியாருக்கு நேர்ந்துவிட்டான். மரியசெல்வி அவனை வைத வசவு கொஞ்சமல்ல. ஆனாலும் நேர்ந்ததைச் செய்யாமல் விட அவளுக்கே துணிச்சல் இல்லை. இந்தத் தடவை மீட்டுவிடலாம், கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

திருவிழாவன்று குழந்தையைக் கிடத்தியாயிற்று. அவலூர்பேட்டையிலிருந்து வரவேண்டிய அமிர்தசாமியைக் காணோம். மற்றப் பிள்ளைகளை அவரவர் மாமன்மார் தூக்கிக்கொண்டு போய்விட, ரீத்தா மட்டும் பாயில் கிடந்து வீறிட்டாள். மரியசெல்வி வாசலுக்கும் பாய்க்குமாக நடந்தாள். சுரூபத்தை அண்ணாந்து பார்த்தாள். அருளப்பனைக் கிடத்திய அன்றும் அந்த முகம் இதே சாந்தத்தோடுதான் இருந்தது. பாய்ந்து பிள்ளையை வாரிக்கொண்டு வெளியே ஓடினாள்.

கூட்டுரோட்டில் அமிர்தசாமி எதிரே வந்தான். ஒரு கையில் சேவல், தோளில் வாழைத்தார்.

“பஸ் பஞ்சராயி நின்னுட்டுதுக்கா. வா, திரும்பிப் போலாம். மீக்காம தூக்கியாந்தா புள்ள இன்னும் அவுருதுதான?”

“இன்னொரு தபா அங்க கெடத்த என்னால ஆவாதுடா.”

அவன் எவ்வளவோ கெஞ்சினான். அவள் அசையவில்லை. கொடுக்கவுமில்லை, மீட்கவுமில்லை என்று ஆகிவிட்டது.

அதன்பிறகு அவள் வாய் அடங்கிவிட்டது. மல்லாட்டைக் கொல்லையில் களை எடுக்கும்போதும் உதட்டில் செபம்தான். குழந்தை தும்மினால் இருந்த இடத்திலேயே முழந்தாளிடுவாள். காலைப் பூசைக்கு முதல் ஆள் அவள்தான்.

“எப்பிடி இருந்தவள ஆண்டவர் எப்பிடி ஆக்கிட்டாரு, பாருங்க” என்று உபதேசியார் அவளைக் காட்டி மற்றவர்களுக்குச் சொல்வார்.

மரியசெல்வி தலையைக் குனிந்துகொள்வாள். ஆண்டவர்மேல் அன்பு என்று அவளிடம் ஒரு பொட்டும் மிச்சமில்லை. ஓயாமல் செபித்து அவர் கவனத்தைத் தன்மேலேயே பிடித்து வைத்திருந்தாள். கொஞ்சம் விட்டாலும், மீட்காத பிள்ளை ஒன்று இங்கே இருப்பது அவருக்கு ஞாபகம் வந்துவிடும்.