ரயில்வே கேட்டில் கழன்ற நாலாவது ஸ்டேஜ்

காலை ஆறு பத்து. லாரி மேலிருந்து முதலில் பார்த்தது, விழுப்புரத்தை ஒட்டிய ரயில்வே கேட்டுக்கு முன்னால் சாலையின் குறுக்கே உயரத்தில் நின்ற இரும்புக் கம்பி. எங்கள் ராக்கெட்டின் சிவப்பு மூக்கு அதற்கும் மேலே இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம். திண்டிவனத்தில் அந்தோணி அண்ணனின் தகரப் பட்டறையில் நான் ஃபிட்டர். பால் கேனும் தண்ணீர் டிரம்மும் செய்கிற இடம். விழுப்புரம் சுதந்திர தின ஊர்வலத்துக்கு, செயற்கைக்கோள் ஏவும் ராக்கெட் மாதிரி ஒன்று வேண்டும் என்று பெண்கள் பள்ளி ஸ்டெல்லா டீச்சர் கேட்டார். பன்னிரண்டடி, ஒன்றின் மேல் ஒன்றாக நான்கு ஸ்டேஜ். அடியில் பருமன், மேலே போகப் போக ஒல்லி, உச்சியில் கூம்பு. நிஜத்தில் கீழ் ஸ்டேஜ் எரிந்து தீர்ந்ததும் கழன்று விழும். எடை குறைந்த மிச்சம் இன்னும் வேகமாக ஏறும்.

அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை.

“ஒரே பீஸா வெல்டு அடிச்சிட்டா கெட்டியா நிக்கும் டீச்சரம்மா.”

“கழலலன்னா அது ராக்கெட் இல்ல அண்ணே. பால் கேன அடுக்கி வெச்ச மாதிரி.”

“கேனுன்னா அவ்ளோ கேவலமா போச்சா?” என்று முனகிக்கொண்டே ஸ்டேஜ்களுக்கு நடுவே போல்ட் வைத்தார். அடியிலிருந்த முதல் ஸ்டேஜை மட்டும் லாரித் தளத்தோடு வெல்ட் அடித்துவிட்டார்.

கேட்டுக்கு அப்பால் தண்டவாளத்துக்கு மேலே மின்சார ரயில் கம்பி. அதில் உரசாமலிருக்கத்தான் இந்த இரும்புக் கம்பி; பதினைந்தடிக்கு மேல் எதுவும் போக முடியாது. அண்ணன் ராக்கெட்டை அளந்திருந்தார். லாரித் தளத்தின் நாலடியை அளக்கவில்லை.

ஏழு மணிக்குள் மைதானத்தில் நிற்காத வண்டிக்கு ஊர்வலத்தில் இடமில்லை. ராக்கெட்டுக்கு பெயிண்ட் அடித்த பள்ளிப் பிள்ளைகள் அங்கே காத்திருந்தார்கள். எங்களோடு லாரியில் வந்த டீச்சர் கடிகாரத்தையே பார்த்தார்.

கேட்கீப்பர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

“இன்னா மேஸ்திரி, சந்திரனுக்கா? என் கேட்டையே தாண்டலியே!”

“பேஜாரு பண்ணாதீங்க. ஸ்பேனர் பெட்டி பட்டறையிலயே விட்டுப்போச்சு” என்றார் அண்ணன்.

கேட்கீப்பர் சிரித்துக்கொண்டே உள்ளே போய்த் தன் ஸ்பேனரோடு வந்தார். நான் மேலே ஏறினேன். போல்ட் தலைகளை பெயிண்ட் மூடியிருந்தது. சுரண்டித்தான் திருக வேண்டியிருந்தது. மூன்றடிக் கூம்போடு நாலாவது ஸ்டேஜ் கழன்றது. கீழே அண்ணன் அதைக் குழந்தையைப் போல் வாங்கிக்கொண்டார்.

“கீழதானே மொதல்ல கழலும்னீங்க டீச்சரம்மா?” என்றார் அண்ணன்.

“அது வானத்துல. இது விழுப்புரம் ரோடு. ஜல்தி, ஜல்தி!”

லாரி கேட்டைக் கடந்தது. அந்தப் பக்கம் மறுபடி பூட்டி, ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்தோம். மைதானத்துக்குள் எங்கள் வண்டி நுழைந்ததும் பிள்ளைகள் போட்ட கூச்சலில் பேண்டு வாத்தியம் கேட்கவில்லை. “வெல்டு அடிச்சிருந்தா கேட்டுலயே நின்னிருக்கும்” என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார், போல்ட் தன் யோசனை போல.

அன்று முதல் எங்கள் பட்டறையில் எதையும் தரையிலிருந்துதான் அளந்தோம்.

சாயங்காலம் முழு ராக்கெட்டோடு திரும்பி வந்தபோது கேட்கீப்பர் அந்த இரும்புக் கம்பிக்கு அடியில் நின்றிருந்தார். கையில் ஸ்பேனர் இருந்தது.