முதுகுக்குப் பின்னால் ஓடிய படம்

அந்த வீடியோ கேசட்டின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் படத்தின் பெயர் பாதிதான் மிச்சம் இருந்தது. மீதியை எண்ணெய்க் கறை தின்றுவிட்டது. கம்பெனியின் பழைய ஆபீஸ் அறையை இடித்துக் கட்டப்போவதாகப் பீரோவைக் காலி செய்துகொண்டிருந்த சின்ன முதலாளி, அதைக் கையில் எடுத்துக்கொண்டு, தைத்த துணியை நாங்கள் சரிபார்க்கிற செக்கிங் பக்கம் வந்தார். "இது உங்க படமுங்கக்கா," என்று என்னிடம் கொடுத்துவிட்டுச் சிரித்தார். வாங்கியவுடன் முன்னும் பின்னும் திருப்பி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். வயசுப் பெண்ணாக இந்த வேலைக்கு வந்ததிலிருந்து எது கையில் கிடைத்தாலும் முதலில் கறை இருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். பயப்படுவதற்கு எனக்குத் தனியாகக் காரணம் எதுவும் தேவையில்லை. செக்கிங்குக்கு இப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும் என்று பெரிய முதலாளி சொல்வார். வீட்டுக்கு இப்படிப்பட்ட ஆள் ஆகாது என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

என் படம் என்று சின்ன முதலாளி சொன்னது சரிதான். அந்தப் படத்தின் வசனம் முழுவதும் எனக்கு இன்றைக்கும் தலைகீழ்ப் பாடம். ஆனால் ஒரு தடவைகூட அதைக் கண்ணால் பார்த்ததில்லை. அப்போது நாங்கள் பொங்கலூர்ப் பக்கத்திலிருந்து மண்ணரைக்குக் குடிவந்த புதிது. பிளஸ் டூவில் ஒரு பாடம் போனதால் என்னைப் பனியன் கம்பெனிக்கு அனுப்பினார்கள். சரக்கைக் கப்பலேற்றுகிற ஷிப்மெண்ட் நாள் நெருங்கிவிட்டால் பெரிய முதலாளிக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஆள் வேண்டும். ஞாயிறு என்றால் ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். அதனால் வாடகைக்கு ஒரு டிவியும் கேசட் போடுகிற டெக்கும் கொண்டுவந்து வைத்தார். முதல் வாரம் ஒரு சாமி படம். எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தோம். கறையும் ஓட்டையுமாக அன்றைக்குப் போன பீஸெல்லாம் அப்படியே திரும்பி வந்தன. அடுத்த வாரம் போனால் டிவி எங்கள் முதுகுக்குப் பின்னால் இடம் மாறியிருந்தது. "கண்ணு துணில இருக்கட்டும், காது எங்க வேணாப் போகட்டுமுங்க," என்றார் சூப்பர்வைசர். வாராவாரம் கேசட் தேடி அலைவானேன் என்று பெரிய முதலாளி ஒரே ஒரு கேசட்டை விலைக்கே வாங்கிவிட்டார். அந்த சீசன் முழுக்க அதே படம்தான். டெக் சூடாகிவிடும் என்று சாப்பாட்டு நேரத்தில் அணைத்துவிடுவார்கள். நடுவில் யாராவது தலையைத் திருப்பினால் சூப்பர்வைசர் ஸ்கேலால் டேபிளைத் தட்டுவார்.

பிளஸ் டூவில் கோட்டைவிட்ட நாலு பையன்கள் ஒரு டுட்டோரியல் காலேஜில் சேர்ந்து அடிக்கிற கூத்துதான் கதை. எனக்கும் ஒரு பாடம் போயிருந்ததால் சொந்தக்காரர்கள் கதைபோலக் கேட்டேன். அதில் ஒரு பையன் கூடப் படிக்கிற பெண்ணின் பின்னாலேயே சுற்றுவான். அவள் திட்டுவாள். திட்டத் திட்ட இன்னும் சுற்றுவான். வசனம் வருகிற இடமெல்லாம் எங்களுக்குப் புரிந்துவிடும். பேச்சே இல்லாமல் மியூசிக் மட்டும் வருகிற இடத்தில்தான் தவிப்பு. அப்போதெல்லாம் பேக்கிங் அக்காதான் எங்களுக்குக் கண். எங்களுக்கு எதிரே, டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்து பீஸை மடித்துக் கவரில் போடுவது அவர் வேலை. மடிப்பதற்கு அவருக்குக் கண் தேவையில்லை, கை பாட்டுக்கு மடித்துக்கொண்டிருக்கும். தென்காசிப் பக்கத்து ஆள். படத்தைப் பார்த்துக்கொண்டே எங்களுக்கு விவரம் சொல்வார். அவர் சொல்லிக் கேட்டால் தியேட்டரில் காசு கொடுத்துப் பார்ப்பதைவிட நன்றாக இருக்கும்.

அக்காவுக்கு அப்போது முப்பது வயதுகூட இருக்காது. தினமும் காலையில் வரும் வழியில் பூ வாங்கித் தலை நிறைய வைத்துக்கொண்டு வருவார். சாயங்காலம் வேலை முடிந்து கிளம்பும்போது அந்தப் பூவை எடுத்து எங்களில் யார் தலையிலாவது வைத்துவிட்டு வெறும் தலையோடு போவார். கேட்டுக்கு வெளியே அவர் வீட்டுக்காரர் சைக்கிளோடு நிற்பார். ஒருநாள் தவறாமல் வந்து கூட்டிப்போவார். அக்கா படி இறங்குவதற்கு முன்னால் ஜன்னல் வழியாக ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். காத்திருக்கிற புருஷனை ஆசையாகப் பார்க்கிறார் என்று நாங்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரிப்போம். எங்களுக்கும் இப்படி ஒருத்தர் வாய்க்க வேண்டும் என்றுகூடச் சொல்லியிருக்கிறோம். என்ன கேலி செய்தாலும் திருப்பிக் கொடுக்கிற அக்கா அதற்கு மட்டும் பதில் சொன்னதில்லை.

அந்த சீசனில்தான் எனக்கும் ஒருவன் வாய்த்தான். பக்கத்துக் கம்பெனியில் வேலை செய்கிறவன். முதலில் டீக்கடையில் நின்றான். பிறகு நொய்யல் பாலம் வரைக்கும் பின்னால் வந்தான். பிறகு எங்கள் சந்து முனைவரைக்கும் வந்தான். எங்கள் படத்தை அவனும் எங்கேயோ பார்த்திருந்தான், கூட நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு அதில் வருகிற வசனத்தையே சொல்வான். கூட வேலை செய்கிற பெண்கள், சும்மா சொல்லக்கூடாது, எனக்காகச் சந்தோஷப்பட்டார்கள். எனக்கோ சோறு இறங்கவில்லை. வீட்டில் தெரிந்தால் வேலையை நிறுத்திவிட்டு முதலில் வருகிற மாப்பிள்ளைக்குக் கட்டிவைத்துவிடுவார்கள். தெரியாவிட்டால் இவன் விடமாட்டான். அப்பா சைக்கிள் மணி அடித்தால்கூட யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் பேக்கிங் அக்கா ஜன்னலில் எட்டிப் பார்க்கிறவர் அல்லவா, டீக்கடையில் நிற்கிறவனையும் பார்த்திருக்க வேண்டும்.

படத்தின் கடைசியில் ஒரு பஸ் ஸ்டாப் சீன் வரும். வசனமே கிடையாது. முதலில் புல்லாங்குழல், அப்புறம் பஸ் வந்து நிற்கிற சத்தம், பஸ் கிளம்புகிற சத்தம், பிறகு பையன்கள் எல்லோரும் ஹோவென்று சிரிப்பார்கள். அந்த இடம் வந்தால் எங்கள் கைகள் நின்றுவிடும், சூப்பர்வைசர்கூட ஒன்றும் சொல்லமாட்டார். அக்கா என்னைப் பார்த்துத்தான் சொல்வார்.

"ஏட்டி, அந்தப் பய ரோஜாப்பூவ நீட்டுதான். அவ வாங்குதா. வாங்கி, பெஞ்சு மேல வச்சிட்டா. பஸ்ல ஏறிட்டா. திரும்பியே பாக்கல. இவன் ஈன்னு நிக்கான். கூட்டாளிப் பயலுவ எல்லாம் அவனப் பாத்துச் சிரிக்கானுவ."

அதற்குப் பிறகு ஒரு டூயட் பாட்டு வரும். அப்படியானால் இது என்ன என்று ஒருத்தி கேட்டாள். "அது அவன் காணுத கனவுட்டி," என்றார் அக்கா. அயர்ன் மாஸ்டரும் டிவியைப் பார்த்து நின்று வேலை செய்கிறவர்தான். ஒரு தடவை அவர், "ஏனுங்க, அப்படியா வருது?" என்று ஆரம்பித்தார். அக்கா நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். அவர் பேசாமல் சட்டைக் காலரை அழுத்த ஆரம்பித்தார். அவர்களுக்குள் ஏதோ மனத்தாங்கல் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் பாலத்தின் மேல் அவன் எனக்கு ரோஜாப்பூவை நீட்டினான். படத்தில் வருகிற மாதிரியேதான். கூட்டாளிகள் கைப்பிடிச் சுவரோரம் நின்றிருந்தார்கள். என்ன செய்வதென்று யோசிக்கிற நிலைமையில் நான் இல்லை, ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று ஞாயிறு தவறாமல் கேட்டிருந்தேன். பூவை வாங்கினேன். பாலத்துச் சுவர்மேல் வைத்தேன். நடந்தேன். பின்னால் ஹோவென்று சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பு அவனைப் பார்த்துத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கால் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, இருந்தும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாள் டீக்கடையில் முறைத்துக்கொண்டு நின்றான். அப்புறம் நிற்கவில்லை.

தீபாவளிக்கு ஊருக்குப் போன பேக்கிங் அக்கா திரும்பி வரவில்லை. அவர் வீட்டுக்காரர் மட்டும் வந்தார். தினமும் சாயங்காலம் கேட்டில் நின்று, வெளியே வருகிற ஒவ்வொருத்தியிடமும் அவள் எங்கே என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்பார். அந்தக் கண்ணைப் பார்த்த பிறகுதான் அக்கா ஏன் பூவை எடுத்துவிட்டுப் போவார் என்று எனக்கு உறைத்தது. தலையில் பூவைப் பார்த்தால், யாருக்காக வைத்தாய் என்று கேட்கிற கண் அது. எங்களுக்கு நிஜமாகவே தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒருத்தியும் சொல்லியிருக்கமாட்டோம். அக்காவைப் பற்றி அதன் பிறகு ஒரு சேதியும் இல்லை. நன்றாக இருக்கிறாரா, அந்த ஆள் எங்கேயாவது கண்டுபிடித்துவிட்டானா என்று இத்தனை வருஷம் கழித்தும் சில நாள் திடீரென்று மனசு அடித்துக்கொள்ளும்.

கேசட்டைக் கல்யாண வீடியோ எடுக்கிற ஒரு கடையில் கொடுத்து பென் டிரைவில் ஏற்றி வாங்கிவந்தவள் என் மகள். காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். வீட்டுக்காரர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா, உன் படத்தைப் பார்க்கலாம் வா என்று கூப்பிட்டாள். எனக்குப் படத்தில் மனசில்லை. கொஞ்ச நாளாகவே அவள் சரியில்லை. எங்கள் வீட்டு முனையில் நிற்கிற பஸ்ஸில் ஏறாமல் ஒரு ஸ்டாப் தள்ளிப் போய் ஏறுகிறாள். போனை எப்போதும் கவிழ்த்தே வைக்கிறாள். அது அதிரும்போது அவள் தோளும் ஒரு தடவை அதிர்கிறது. என்ன கண்ணு என்று கேட்டால், ஒன்றுமில்லை என்கிறாள். அதற்கு மேல் கேட்கப் பயம். அழுத்திக் கேட்டால் இன்னும் உள்ளே போய்விடுவாள். அவள் அப்பா காதுக்குப் போனால் காலேஜ் நின்றுவிடும். ஊரார் பெற்ற பிள்ளைகளின் சட்டையில் ஊசிமுனை ஓட்டையைக் கண்டுபிடிக்கிறவளுக்குத் தன் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்க வாய் வரவில்லை.

படம் ஓடியது. திரையெல்லாம் கோடு கோடாக இருந்தது. காதால் கேட்டுச் சிரித்ததையெல்லாம் கண்ணால் பார்க்கச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண் திட்டுகிறபோதெல்லாம் அவள் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. அப்படி ஒரு முகத்தை நான் நினைத்திருக்கவே இல்லை. புல்லாங்குழல் ஆரம்பித்தது. நான் அவசரமாக, "இப்பப் பாரு, பூவ பெஞ்சு மேல வெச்சுட்டுப் போயிருவா," என்றேன். அவன் நீட்டினான். அவள் வாங்கினாள். அங்கே பெஞ்சே இல்லை. பூவோடு பஸ்ஸில் ஏறி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அவனைப் பார்த்துச் சிரித்து, பூவைத் தலையில் வைத்துக்கொண்டாள். கூட்டாளிகள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஹோவென்று கத்தினார்கள். டூயட் தொடங்கியது. அது யாருடைய கனவும் இல்லை.

"நீ சொன்னது இது இல்லியேம்மா," என்றாள் மகள்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது டிவியை அல்ல, அன்றைக்கு எங்களுக்கு எதிரே உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்த அக்காவின் முகத்தை. அந்தப் பெண் சிரிப்பதையும், பூ வைத்துக்கொள்வதையும் வாராவாரம் தன் கண்ணால் பார்த்துக்கொண்டே, இல்லாத ஒரு பெஞ்சைப் போட்டு, அதன்மேல் பூவை வைக்கச் சொல்லி, என்னைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாலத்தில் நடந்ததை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, வீட்டுக்காரரிடம்கூட. அன்றைக்கு மகளிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அக்கா பூவை எடுத்துவிட்டுப் போனதையும், அவர் வராமல் போனதையும் சொன்னேன்.

அவள் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, "பயமா இல்லியாம்மா?" என்றாள்.

"பயந்தான். நடுங்கீட்டேதான் போனேன்."

அவள் ரிமோட்டை எடுத்து அந்த இடத்துக்கே மறுபடி கொண்டுபோனாள். என்னால் இன்னொரு தடவை அதைப் பார்க்க முடியாது என்று தோன்றியது. டிவிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மகளைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். புல்லாங்குழல் கேட்டது. பஸ் வந்து நின்றது. டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த மகளின் முகத்தில் திரையின் வெளிச்சம் மாறி மாறி விழுந்தது.

"பெஞ்சு மேல வெச்சுட்டாம்மா," என்றாள். "ஏறிட்டா. திரும்பிப் பாக்கல."

பையன்கள் ஹோவென்று சிரித்தார்கள். மேசையின் மேல் கேசட்டுக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த போன் அதிர்ந்தது. நிற்கவில்லை, மறுபடியும் அதிர்ந்தது. என் மகள் அதை நிமிர்த்தி என் கையில் வைத்தாள். அவள் விரல் சில்லென்று இருந்தது. "இவந்தாம்மா," என்றாள்.

போனை என் மடியில் வைத்துக்கொண்டேன். நாளைக்கு நம் முனை ஸ்டாப்பிலேயே ஏறலாம், நானும் கூட வருகிறேன் என்று சொன்னேன்.