கத்துகிற சப்பாத்து

எண்பதுகளின் நடுவில், ஜெலுத்தோங் சாலையில் ஒரு லாரி என் மோட்டார் சைக்கிளை இடித்துத் தள்ளியது. இடது தொடை எலும்பு முறிந்து, உள்ளே தகடு வைத்தார்கள். எலும்பு நன்றாகவே கூடியது. "இனி முழு பாரமும் கொடுத்து நடக்கலாம்" என்றார் டாக்டர். என்னால்தான் முடியவில்லை. இடது காலை ஊன்றியதும் உடம்பு தானாக வலப்பக்கம் சாய்ந்துவிடும். கைத்தடி இல்லாவிட்டால் விழுவேன்.

மருத்துவமனையில் எனக்கு நடைப்பயிற்சி கொடுத்தவர் ஒரு மலாய்ப் பெண். ஒருநாள் என்னைக் காலுக்கு ஒன்றாக இரண்டு தராசுகளின்மேல் நிற்கவைத்தார். வலது முள் எகிறியது. இடது முள் அசைந்ததோடு சரி.

"இங்கே நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். வீட்டில் யார் சொல்வது?" என்று மலாயில் கேட்டார்.

கூட வந்திருந்த என் மனைவி அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக் பேக்டரியில் ஆபரேட்டராகச் சேர்ந்து, பழுதான போர்டுகளைச் சரிசெய்யும் பிரிவுக்கு உயர்ந்திருந்தவள் அவள்.

"எவ்வளவு பாரம் வரணும்?" என்று கேட்டாள்.

"நிற்கும்போது பாதிக்குப் பாதி, காக்" என்றார் அந்தப் பெண், அவளை மலாயில் அக்கா என்று அழைத்து.

அந்த வாரக் கடைசியில் எங்கள் பிளாட்டின் சாப்பாட்டு மேசை பட்டறையாகிவிட்டது. இரண்டு மெல்லிய செப்புத் தகடுகள், அவற்றுக்கு நடுவே ஓட்டை போட்ட ஸ்பாஞ்சு. அழுத்தினால் தகடுகள் ஓட்டை வழியே தொட்டுக்கொள்ளும், என் இடுப்பில் கட்டிய சின்னப் பெட்டி கீச்சென்று கத்தும். தகடுகளை என் இடது கேன்வாஸ் சப்பாத்தின் குதிகால் பக்கம் வைத்தாள். முதலில் கால் பட்டதுமே கத்தியது. "இது பொய் சொல்லுது" என்று பிரித்துப் போட்டுத் தடித்த ஸ்பாஞ்சு வைத்தாள். அது வாயே திறக்கவில்லை. கடன் வாங்கிய தராசில் என்னை ஏற்றி இறக்கி, இடது காலில் பாதி பாரம் விழுந்தால் மட்டும் கத்தும்படி கொண்டுவந்துவிட்டாள்.

"இப்ப நடங்க. சத்தம் வரலைன்னா ஏமாத்துறீங்கன்னு அர்த்தம் லா."

மீன் வாங்கப் பாசாருக்கும் அதையே போட்டுக்கொண்டு போனேன். "என்ன அண்ணே, சப்பாத்துக்குள்ள கோழிக்குஞ்சா?" என்றார் மீன் விற்கும் அக்கா. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கத்தும் ஒவ்வொரு தடவையும் கால் தாங்குகிறது என்று தெரிந்தது. காது கேட்டதை உடம்பு மெல்ல நம்பத் தொடங்கியது.

பிறகொரு நாள் ஃபெரியில் கடலைக் கடந்து பட்டர்வொர்த் போனோம். ஃபெரி படகுத்துறையில் இடித்து நின்றபோது பக்கத்தில் இருந்தவர்கள் தடுமாறினார்கள். நான் எதையும் பிடிக்காமல் இரண்டு காலிலும் நின்றேன். மனைவி என் கையைப் பிடிக்க வந்தவள், பிடிக்காமல் விட்டாள்.

அந்த மலாய்ப் பெண் கேட்டதால், பக்கவாதம் வந்த ஒரு சீனப் பெரியவருக்கும் என் மனைவி அப்படியொன்று செய்து கொடுத்தாள். அவர் நடப்பதைப் பார்த்த டாக்டர், இதை யார் செய்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் முந்திக்கொண்டேன். டாக்டருக்கு ஆங்கிலத்தில், பெரியவருக்கு மலாயில், அங்கே உட்கார்ந்திருந்த ஒரு தமிழ்க் குடும்பத்துக்குத் தமிழில்: "என் மனைவி செய்தது."

"போதும் லா, ஆஸ்பத்திரியே திரும்பிப் பாக்குது" என்றாள். ஆனால் அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.