சேகரிடம் கொடுத்த மடக்குக் கத்தி

இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. எனக்கு நல்ல மடக்குக் கத்திகள் என்றால் பைத்தியம். தன் மனைவி விட்டுப் போன பிறகு கிள்ளான் வீட்டில் சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்த என் நண்பன் சேகருக்கும் அந்தப் பைத்தியத்தைப் பழக்கிவிட்டேன். என் கத்திகளில் ஒன்றைக் கொடுத்து, துருப்பிடிக்காமல் இருக்க வாரம் ஒருமுறை எண்ணெய் போடக் கற்றுக்கொடுத்தேன். இங்கே மலேசியாவில் அதை வெளியே எடுத்துப்போனால் போலீஸ் கேஸ் ஆகும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு அவன் சிரித்த முகமாக வருவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு ஞாயிறு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சாப்பிட்டுவிட்டு என் காரில் திரும்பினோம். வழியில் போலீஸ் ரோட்பிளாக். சேகரின் பாக்கெட்டில் கத்தியைக் கண்ட போலீஸ்காரர், யார் கொடுத்தது என்று மலாயில் கேட்டார். சேகர் என்னைப் பார்த்தான். நான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன்.

"என்னோடதுதான் துவான். யாரும் கொடுக்கல" என்றான்.

கேஸ் இன்னும் முடியவில்லை. அவன் ஓட்டிக்கொண்டிருந்த பள்ளி பஸ் வேலை போய்விட்டது. வேறு எவரும் வேலைக்குக் கூப்பிடவும் இல்லை.

நேற்று போன் செய்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"மச்சான், ஸ்டேஷன்ல அந்தக் கத்திக்கு எண்ணெய் போடுவாங்களா? துருப்பிடிச்சிரும் லா."

"போடுவாங்கடா" என்றேன்.

அவன் கூப்பிட்டபோது நான் என் மற்ற கத்திகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.