சவரிராயனுக்குக் கட்டிய மாலை

என் தங்கை லினெட் பெரிய மார்க்கெட்டில் பூ விற்கிறாள். கல்லறைத் திருநாள் வந்தால் ஊரில் பாதிக் கல்லறைகளுக்கு அவள் கட்டிய மாலைதான் போகும். அவள் புருஷனுக்குத்தான் கல்லறை கிடையாது.

சவரிராயன் சென்ட்ரிங் வேலைக்காரன். அரபு நாட்டில் பூமிக்குள் ரயில் விடுகிறார்கள், நல்ல சம்பளம் என்று போனான். இங்கே கரண்ட் போனால் வீட்டுக்குள் இருக்க மாட்டான், தெருவுக்கு வந்து நிற்பான். அப்படிப்பட்ட ஆளுக்குச் சுரங்கத்தில் வேலை. ஒருநாள் மண் சரிந்து மூடிவிட்டது. தோண்டினால் மேலே இருக்கிற தெருவே இறங்கிவிடும் என்று, ஆளை எடுக்காமலே சிமெண்டை ஊற்றி அடைத்துவிட்டார்கள். இப்போது அந்தச் சிமெண்டுச் சுவரை ஒட்டி ரயில் ஓடுகிறதாம்.

இப்படிக் கல்லறை இல்லாமல் போனவர்களுக்காகவே கல்லறைத் தோட்டத்தின் நடுவில் பெரிய சிலுவை இருக்கிறது. அதன் அடியில் மெழுகுவர்த்தி வை என்று கோயில் சாமியார் சொன்னார். நானும் சொன்னேன். கேட்க மாட்டாள்.

"அவரு என்ன வெளியிலயா கெடக்குறாரு? பூமிக்குள்ள இல்ல கெடக்குறாரு" என்பாள்.

போன வருஷம் கடற்கரைப் பக்கம் ஒரு பழைய கிடங்கில், உலகத்துப் பாதாள ரயில்களுக்கென்று யாரோ மியூசியம் திறந்தார்கள். நம் ஊருக்குத் தரைக்கு மேலே வருகிற ரயிலையே விரல் விட்டு எண்ணிவிடலாம். போர்டில் சுரங்கத்தின் படம் போட்டிருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து லினெட்டுக்கு, அந்தச் சுரங்கத்தில் மாலை வைக்க வேண்டும் என்று அதே நினைப்பு. அந்த வருஷக் கல்லறைத் திருநாள் மத்தியானம், மாலையும் மெழுகுவர்த்தியுமாக என் லோடு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"மியூசியத்துக்கு எவளாவது மாலை எடுத்துட்டுப் போவாளா? தொரத்திவுடுவான்."

"தொரத்துனா வந்துடுறேன். நீ வண்டிய எடுண்ணே."

வாசலில் காவலுக்கு இருந்தவர் பெயர் செம்மல். என் வயசுதான் இருக்கும். மாலையைப் பார்த்துச் சிரித்தார்.

"தெறப்பு விழா எப்பவோ முடிஞ்சிபோச்சேம்மா. மாலை யாருக்கு?"

நான் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"மாலைய உள்ள வச்சிட்டு வாம்மா. மெழுகுவத்தி மட்டும் கொளுத்தாத. என் வேலை போயிடும்."

உள்ளே சுவரெல்லாம் ஏதேதோ ஊர் டிக்கெட், ஸ்டேஷன் படம். லினெட் எதையும் பார்க்கவில்லை. கடைசி அறையில் சுரங்கம் இருந்தது. வட்டமாக, சாம்பல் நிறத்தில், உள்ளே இருட்டு. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். மாலையைச் சுவரோரம் வைத்து முட்டி போட்டாள்.

நல்லது செய்வதாக நினைத்து செம்மல் ஒரு பொத்தானை அழுத்தினார். விளக்கு விட்டு விட்டு எரிந்தது. ஸ்பீக்கரில் ரயில் ஓடுகிற சத்தம். சுரங்கமே ஆடியது. லினெட் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் ஓய்ந்த பிறகும் கையை எடுக்கவில்லை. விரலை மடக்கித் தட்டினாள். தள்ளிப் போய் இன்னொரு இடத்தில் தட்டினாள். டொக் டொக் என்றது.

"அண்ணே, இது பலகை."

"மியூசியம்னா அப்படித்தான். வச்சிட்டு வா."

"பின்னாடி ஒண்ணுமே இல்லண்ணே."

மாலையை எடுத்துக்கொண்டாள். வெளியே வந்ததும் செம்மலிடம் கேட்டாள்.

"நெஜத்துலயும் இவ்ளோ சத்தம் வருமாங்க?"

"இதவிட வரும்மா. கொஞ்ச நேரத்துக்கு ஒரு வண்டி போவுமே."

அந்த ஆளுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. வண்டியில் ஏறியதும் லினெட் சொன்னாள்.

"அப்ப அவர தூங்கவும் வுட மாட்டானுங்க."

நான் வண்டியை எடுத்தேன்.

திரும்புகிற வழியில் கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரே கூட்டம், வண்டி நகரவில்லை. தாமதமாக வந்த ஒருத்தர் அவள் மடியில் இருந்த மாலையைப் பார்த்து விலை கேட்டார். கொடுத்துவிட்டாள்.

"ஏய், மாப்ளைக்குக் கட்டுனதும்மா அது!"

"யாருக்காவது ஆவட்டும்."

"மெழுகுவத்தியாவது சிலுவைகிட்ட வச்சிட்டு வாயேன்."

"அங்க எரியறது போதும்ணே. நீ வண்டிய எடு."

அடுத்த வாரம் மழையில் மார்க்கெட்டில் கரண்ட் போனது. பூ மூட்டையை இறக்கப் போனேன். லினெட் அந்த மெழுகுவர்த்தியைக் கூடையோரம் கொளுத்தி வைத்துவிட்டு, யாருக்கோ கல்யாண மாலை கட்டிக்கொண்டிருந்தாள்.