கறுவா எண்ணெய் தின்ற டாங்க்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த வைலே நகரில், எங்கள் சமையலறைக்குள்ளேயே என் தம்பி செத்துப்போவான் என்று நான் நினைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். காரணம் விளங்காத எதுவும் எனக்குப் பயம்தான்.

என் கணவர் சிகரெட்டை விட்டுவிட்டு வேப் என்ற மின்சிகரெட்டை இழுக்கத் தொடங்கியிருந்தார். இந்த நாட்டுக் கடைகளில் சட்டப்படி புகையிலைச் சுவையும் மெந்தோலும்தான் கிடைக்கும். அது சப்பென்று இருக்கிறது என்று, பல்வலிக்கு நான் வைத்திருந்த கறுவா எண்ணெயை, வேப்புக்கு நிரப்பும் திரவப் போத்தலுக்குள் ஊற்றிக் குலுக்கினார். இருமி இருமி இழுத்தார். வீடெல்லாம் கறுவா மணம்.

எங்களோடு இருந்த தம்பி அப்போதுதான் பெந்தகோஸ்தே சபையில் சேர்ந்திருந்தான். சாப்பாட்டு மேசையில் கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகவே ஜெபிப்பான்.

"ஆண்டவரே, அத்தான்ரை புகைக்குழாயை உடைச்சுப்போடும்."

"உடையட்டும் பாப்பம். பிறகு உன்ரை பல்லும் உடையும்" என்பார் அவர்.

சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடும்.

அந்த ஞாயிறு காலை அவருடைய சட்டைப் பை நனைந்திருந்தது. வேப்பில் திரவம் நிற்கும் பிளாஸ்டிக் டாங்க் வெடித்து விரிசல் விட்டிருந்தது. புது டாங்க் ஒன்றைப் பூட்டி, அதே போத்தலால் நிரப்பி மேசையில் வைத்தார். பிறகு அதைத் தொடவே இல்லை. கதவைப் பார்த்தபடி இருந்தார்.

சபையால் வந்த தம்பி சப்பாத்தைக் கூடக் கழற்றவில்லை, அதற்குள் அவர் எழும்பிவிட்டார்.

"உன்ரை ஆண்டவருக்குக் கை இல்லையெண்டு நீ உடைச்சனியோ?"

"அத்தான், நான் தொடவேயில்லை..."

முதல் குத்து வாயில் விழுந்தது. வெள்ளைச் சட்டையில் இரத்தம் தெறித்தது. அவனைக் குளிர்சாதனப் பெட்டியோடு மோதவைத்துக் கழுத்தை இறுக்கினார். அவன் கால்கள் நிலத்தில் அடித்தன.

"இஞ்சேருங்கோ, விடுங்கோ! செத்துப்போவான்!"

அயல்வீட்டார் பொலிசைக் கூப்பிடுவார்களோ என்று பயந்தேன். கூப்பிடாமல் விடுவார்களோ என்றும் பயந்தேன்.

அப்போதுதான் மேசையைக் கண்டேன். ஒருவரும் தொடாத புது டாங்க் பால்போல மங்கியிருந்தது. அதில் நூல் நூலாக வெடிப்புகள். அடியால் திரவம் ஒழுகியது.

"தானா வெடிக்குது! உங்கடை கறுவா எண்ணெய் பிளாஸ்டிக்கைத் தின்னுது! பாருங்கோ!"

அவர் பார்க்கவில்லை. தம்பியின் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. தோசைக்கல்லை எடுத்து அவருடைய தோளில் ஓங்கி அடித்தேன். எலும்பில் பட்ட சத்தம் கேட்டது. கை விட்டது. தம்பி நிலத்தில் விழுந்து, மூச்சோடு சேர்த்து இரத்தமும் துப்பினான்.

அவர் தோளைப் பிடித்தபடி டாங்கைத் தூக்கிப் பார்த்தார். அது அவருடைய விரல்களுக்குள்ளேயே இரண்டாய்ப் பிளந்தது.

தம்பி அன்றே புரொண்பி என்ற ஊருக்கு, சபைக்காரர் ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டான். இவர் கண்ணாடி டாங்க் வாங்கினார். ஒருநாள் தானே அவனுக்குத் தொலைபேசி எடுத்து, எனக்கும் கேட்க ஒலிபெருக்கியில் போட்டு, கறுவா எண்ணெய் பிளாஸ்டிக்கை வெடிக்கப்பண்ணும் என்று கடைக்காரர் சொன்னதை விளக்கினார்.

தம்பியின் குரல் இன்னும் கரகரத்தது.

"டாங்க் வெடிச்ச காரணம் விளங்குது அத்தான். என்ரை கழுத்தைப் பிடிச்ச காரணத்தையும் கடையிலை கேட்டனீங்களோ?"

இவர் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.