யகோபா என்று பெயர் வைக்க இருந்த பூ

டீமன் வயலுக்குள் இறங்கினாலே துலிப் வளர்க்கிறவர்கள் போட்டது போட்டபடி அவன் பின்னாலேயே ஓடுவார்கள். வசந்தம் முழுக்க அடுத்தவர் வயலில் வரிசை வரிசையாகக் குனிந்து நடந்து, நோய் கண்ட செடியைக் கிழங்கோடு தோண்டி எடுப்பதுதான் அவன் வேலை. இதழில் மயிரிழை அளவுக்கு வெளிர்கோடு தெரிந்தால் போதும், வைரஸ்தான். விட்டுவைத்தால் வயலே போய்விடும். கெஞ்சினாலும் கொஞ்சினாலும் டீமன் மசிய மாட்டான்.

அந்த மனுஷனுக்கும் ஓர் ஆசை இருந்தது. கல்யாணமான புதிதில், வீட்டுக்குப் பின்னால் ஒரு துலிப் விதையைப் போட்டான். விதையிலிருந்து முதல் பூவைப் பார்க்கவே ஆறேழு வருடம் ஆகும். அந்த ஒற்றைக் கிழங்கு குட்டி போட்டுப் பாத்தி நிறைவதற்குள் தலை நரைத்துவிடும். இவனுக்கும் நரைத்தது. பூ பழுத்த பீச் பழத்தின் நிறத்தில் வந்தது. மே மாதம் ஊரைக் கூட்டி, பூவின்மேல் மது தெளித்து, மனைவி யகோபாவின் பெயரைச் சூட்டுவதாக ஏற்பாடு. பிள்ளையில்லாத அந்த வீட்டில் நடக்கப்போகிற ஒரே பெயர்சூட்டு விழா அதுதான்.

அதற்கு முந்தைய குளிர்காலத்தில் யகோபாவுக்கு நுரையீரலில் புற்று என்றார்கள். வைத்தியர்கள் கையை விரித்துவிட்டார்கள். பெயர் வைக்கிற நாள்வரை இருந்தால் போதும் என்றாள் அவள். டீமனும் வேறெதையும் வேண்டவில்லை.

ஏப்ரலில் பூ விரிந்தது. பாதிக்கு மேற்பட்ட பூக்களின் இதழ்களில் வெளிர்கோடு.

வெயில் கண்ணைக் கட்டுகிறது என்று முதலில் தன்னையே ஏமாற்றிக்கொண்டான். மேகம் மூடியபின் வந்து பார்த்தான். கோடு இன்னும் நன்றாகத் தெரிந்தது. எப்படி வந்தது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பகலில் நோய்ச்செடியின் தண்டைப் பேனாக்கத்தியால் கீறி வயல்காரர்களிடம் காட்டுவான். வீட்டுக்கு வந்ததும் அதே கத்தியால் இந்தப் பாத்தியில் யகோபாவுக்கு ஒரு கைப்பிடி பூ நறுக்குவான். ஊருக்கெல்லாம் கத்தியைக் கழுவச் சொல்லித் தொண்டை வற்றக் கத்தினவன், போன வருடம் அவளிடம் பூவை நீட்டும் அவசரத்தில் தன் கத்தியைக் கழுவ மறந்தான். பாவி மனுஷன்.

பக்கத்து வயல் கொன்ராட் வேலியோரம் வந்து நின்றான்.

"பார்த்தேன் அண்ணே."

"உன் வயல் ஒட்டிக்கிட்டு இருக்கு. தெரியும்டா."

"நான் வாயத் திறக்கல. அண்ணி காலம் முடியற வரைக்கும் இருக்கட்டும். அப்புறம் தோண்டிக்கலாம்."

"உன் பாத்தியத் தோண்டினப்ப நீ ஒரு நாள் டைம் கேட்ட..."

"கேட்டேன், நீங்க தரல. இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?"

திட்டியிருந்தால்கூட டீமன் தாங்கியிருப்பான்.

கத்தியை இரண்டு முறை கழுவினான். கோடில்லாத ஒரு பூவை நறுக்கி, கட்டிலில் கிடந்தவளிடம் கொண்டுபோனான். யகோபாவும் துலிப் வயலில் பிறந்து வளர்ந்தவள்தான். இதழைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"எப்பவும் கை நிறையக் கொண்டாருவ. இது ஒண்ணத்தான் தேடிப் பிடிச்சியா?"

அவன் தலையாட்டினான்.

"எவ்ளோ போச்சு?"

"பாதிக்கு மேல."

"அப்ப மொத்தமும்தான்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "இன்னும் ஏன்யா நின்னுக்கிட்டு இருக்க?"

"நீ இருக்கற வரைக்கும் விட்டு வைக்கலாம்னு..."

"கொன்ராட் வயலு என்னாகும்? அதுவும் போக, நான் இருக்கறப்பவே தோண்டிடு. நான் போயிட்டா, இதுதான் மிச்சம்னு கட்டிக்கிட்டு அழுவ. ஒண்ணக்கூடத் தோண்ட மாட்ட."

 டீமன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனான். உதவிக்கு வந்த கொன்ராடைத் திருப்பி அனுப்பினான். பொழுது சாய்வதற்குள் செடியெல்லாம் ஒரு குழிக்குள் போய், பாத்தி வெறும் மணலாகக் கிடந்தது.

உள்ளே வந்தபோது, அந்த ஒற்றைப் பூவை யகோபா கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இதையும் குழியில போட்டுடு," என்றாள்.

வாங்கிக்கொண்டு மறுபடியும் வெளியே போனான்.